கீழே, சரிவு, வலது, குத்து: ஒரு நெருப்பு உருண்டையின் வரலாறு

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உக்காந்து ஒரு வேலை பார்த்தேன். அது என்னன்னு சொல்றதுக்கு முன்னாடி லேசா கொசுவத்தி சுத்திக்கிறேன். பொறுத்துக்கோங்க மக்களே.

எனக்கு ராஜபாளையம். பெரியம்மா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ் ஏறினா அரை மணி நேரத்துல போய் இறங்கிடலாம். முழு ஆண்டு லீவு, ஆடிப்பூரத் தேர், எதுவா இருந்தாலும் நான் அங்கன தான் கிடப்பேன். பால்கோவாவுக்காக போறான்னு வீட்ல நினைச்சுக்கிட்டாங்க. நான் போனது பெரியம்மா பையனுக்காக. என்னை விட நாலு வயசு மூத்தவன். அண்ணன் கூட்டிட்டுப் போற கேம்ஸ் கடைக்காகன்னு சொன்னா இன்னும் உண்மையா இருக்கும் :-)

கடைன்னா பெருசா கற்பனை பண்ணிக்காதீங்க. ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால இருட்டு ரூம். நாலு கம்ப்யூட்டர். மணிக்கு 15 ரூபா. 2007 வாக்குல பெரிய ஊர் பசங்க எல்லாம் பிளேஸ்டேஷன் ஆடிக்கிட்டு இருந்தப்ப, நாங்க எமுலேட்டர்ல பழைய காயின் மெஷின் கேம்ஸ் ஆடினோம். 'முஸ்தபா' இருக்கும். (கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், கேப்காம் 1993-ல விட்டது. அந்த நிஜப் பேரை நம்ம ஊர்ல ஒருத்தர் வாயில இருந்தும் நான் கேட்டதில்லை.) அடுத்து, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2.

ஒரே கீபோர்டுல ரெண்டு பேர். அண்ணனுக்கு அம்புக்குறி பட்டன்கள். அவன் தான் ஒண்ணாம் ஆளு. எனக்கு ஆர், எஃப், டி, ஜி. நான் ரெண்டாம் ஆளு. அண்ணன் எப்பவும் ரியூ எடுப்பான். நான் தால்சிம். வேற காரணம் ஒண்ணும் இல்லை, உலக மேப்புல நம்ம நாட்டுக் கொடிக்குப் பக்கத்துல இருந்தது அந்த ஆளு தான். மண்டையோட்டு மாலையும் மொட்டைத் தலையுமா ஒரு யோகி. கையும் காலும் ரப்பர் மாதிரி நீளும். பின்னாடி யானைங்க தும்பிக்கையைத் தூக்கிக்கிட்டு நிக்கும். இந்தியன்னா யோகாவும் யானையும் தான்னு ஜப்பான்காரன் முடிவு பண்ணிட்டான் போல. அந்த வயசுல அதெல்லாம் உறைக்கலை. நம்மாளு நெருப்பு கக்குவான், அது போதும்.

ஆனா எனக்கு கக்க மாட்டான்!

அண்ணன் கை எதையோ சரக்குன்னு பண்ணும். ரியூ கையில இருந்து நீல உருண்டை கிளம்பி வரும். 'ஆடுகேன்' அப்படின்னு ஒரு சத்தம். (அது ஹடோகென்னு தெரிய எனக்கு காலேஜ் வர வேண்டியிருந்தது.) நாங்க அதுக்கு வெச்ச பேர் 'பவர்'. எப்படிண்ணே பவர் அடிக்கிறன்னு ஒரு லீவு முழுக்க கெஞ்சி, கடைசியில பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் குடுத்தான். 'கீழ, கீழயும் வலதும், வலது, குத்து. இதே தான் உன் ஆளுக்கும்.' அவ்வளவு தான்.

அந்த டிக்கெட்டை ஜாமெட்ரி பாக்ஸ்ல வெச்சிருந்தேன். ராஜபாளையத்துல வீட்ல உக்காந்து மேஜை விளிம்புல பழகினேன். அடுத்த தடவை போனப்ப ஆடினேன். வரலை. வேகமா பண்ணேன், வரலை. மெதுவா பண்ணேன், வரலை. எஃப், ஜி, குத்து மூணையும் ஒண்ணா அமுக்கினா அந்தக் காலத்து மலிவு கீபோர்டு ஒரு பட்டனை முழுங்கிடும்னு கடைக்காரர் சொன்னார். அதுவும் நிஜம் தான், ஆனா கீபோர்டை மாத்தினப்புறமும் வரலை. அண்ணன் சிரிச்சுக்கிட்டே என்னை சுவத்தோட சுவரா சாத்தி அடிச்சுக்கிட்டு இருந்தான்.

ஒரே ஒரு தடவை வந்துச்சு. நான் அண்ணனோட ஆளைத் தாண்டிக் குதிச்சு அந்தப் பக்கம் போய் விழுந்து, சும்மா பட்டனைத் தேய்ச்சப்ப, 'யோகா ஃபயர்'னு கத்திக்கிட்டு தால்சிம் நெருப்பைத் துப்பினான். எனக்கு புல்லரிச்சுப் போச்சு. மறுபடி பின்னால வந்து பண்ணேன். வரலை.

பத்து வயசு மூளை என்ன முடிவுக்கு வரும்? அண்ணன் வேணும்னே தப்பா எழுதிக் குடுத்துட்டான். கள்ளாட்டம். அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போய் பெரியப்பா கிட்ட, டியூஷன் பீஸ்ல இருந்து எடுத்துத் தான் அண்ணன் கேம்ஸ் ஆடுறான்னு சொல்லிட்டேன். அது உண்மை தான். ஆனா நான் உண்மைக்காகச் சொல்லலை.

பெல்ட்டால அடிச்சார். நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். அதுக்கப்புறம் அண்ணன் அந்தக் கடைப்பக்கம் போகலை, எங்கிட்ட பேசவும் இல்லை. கல்யாண வீடு, சாவு வீடுன்னு பார்த்தா 'வா', 'சாப்டியா', இந்த ரெண்டு வார்த்தை. அப்படியே பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஓடிருச்சு.

நிற்க. இப்ப வரலாறு.

சண்டை கேம்ஸ்ல ஆரம்பத்துல ரகசியம்னு ஒண்ணும் கிடையாது. 1984-ல வந்த கராத்தே சாம்ப்ல பட்டனே இல்லை. ஆளுக்கு ரெண்டு ஜாய்ஸ்டிக். இடது குச்சி இந்தத் திசை, வலது குச்சி அந்தத் திசைன்னா இன்ன உதைன்னு மெஷின் மேலயே எழுதி ஒட்டியிருப்பாங்க. 1985-ல கொனாமியோட யீ ஆர் குங்ஃபூ. ஒரு குச்சி, குத்துக்கு ஒரு பட்டன், உதைக்கு ஒரு பட்டன். திசையையும் பட்டனையும் சேர்த்தா 16 விதமான அடி. ரெண்டுலயுமே, இந்த நொடி குச்சி எங்க இருக்குங்கிறது மட்டும் தான் கணக்கு. அரை நொடிக்கு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு மெஷினுக்குக் கவலை இல்லை.

அந்தக் கவலையைக் கொண்டு வந்தது 1987-ல வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர். டைரக்டர் டகாஷி நிஷியாமா. இந்த மனுஷன் அதுக்கு முன்னாடி ஐரெம் கம்பெனியில குங்ஃபூ மாஸ்டர் (1984) பண்ணவர். ஸ்ட்ரீட் ஃபைட்டரோட முதல் மெஷின்ல நாம இன்னைக்குப் பார்க்குற ஆறு பட்டன் கிடையாது. காத்தழுத்தத்துல வேலை செய்யுற ரெண்டு பெரிய ரப்பர் திண்டு. ஒண்ணு குத்துக்கு, ஒண்ணு உதைக்கு. எவ்வளவு ஓங்கி அடிக்கிறீங்களோ திரையில அவ்வளவு பலமான அடி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ரெண்டு ஆட்டம் ஆடினா கை வீங்கிடும். அப்புறம் அதையே ஆறு பட்டனா மாத்தினாங்க. லேசு, நடுத்தரம், பலம்னு குத்துக்கு மூணு, உதைக்கு மூணு. நாம இன்னைக்கு வரைக்கும் சண்டை கேம்ஸ்ல ஆறு பட்டன் அமுக்குறதுக்கு காரணம் அந்த வீங்கின கைகள் தான்.

அந்த கேம்ல நிஷியாமா மூணு ரகசிய அடிகளை ஒளிச்சு வெச்சார். ஹடோகென், ஷோர்யூகென், டட்சுமாகி. ஹடோகெனுக்கான பொறி 'ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாட்டோ'ங்கிற 1974-ம் வருஷத்து ஜப்பான் கார்ட்டூன் தொடர்ல இருந்து வந்ததுன்னு அவரே பிற்காலத்துல ஒரு பேட்டியில சொல்லியிருக்கார். அதுல விண்கப்பல் முனையில ஒரு பீரங்கி இருக்கும். பேரு ஹடோ-ஹோ. அலை பீரங்கி. பீரங்கியை எடுத்துட்டு முஷ்டியைப் போட்டா ஹடோ-கென்.

ரகசியம்னா ரகசியம் தான். எப்படிப் பண்றதுன்னு மெஷின்ல எங்கயும் எழுதலை. கண்டுபிடிச்சவன் ராஜா. அதுல ரெண்டு மூணு பட்டாலே எதிராளி காலி. ஆனா பத்துக்கு ஒரு தடவை வந்தா பெரிய விஷயம், அந்த அளவுக்கு முரட்டுத்தனமா எழுதின கோடு. நிஷியாமா கொஞ்ச நாள்லயே எஸ்.என்.கே. கம்பெனிக்குப் போயிட்டார். அங்க போய் ஃபேட்டல் ஃப்யூரி பண்ணார், அந்த வழியில வந்தது தான் நம்ம பசங்க உயிரை விட்ட கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ். அது தனிக் கதை.

1991-ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. அகிரா நிஷிடானி, அகிரா யசுடான்னு ரெண்டு அகிராக்கள் சேர்ந்து வடிவமைச்சது. (படம் போட்டவர் யசுடா.) இவங்க பண்ண பெரிய காரியம், அந்த ரகசிய அடியை சாதாரண மனுஷனும் பண்ற மாதிரி இளக்கினது. இளக்கினதுல ஒரு வேடிக்கையும் நடந்துச்சு. போனஸ் ரவுண்டுல காரை உடைக்கிற இடத்தைச் சோதிக்கும்போது, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல எதிராளி தப்பிக்கவே முடியாதபடி இன்னொரு அடி நுழையுறதை நோரிடாகா ஃபுனமிசு கவனிச்சார். சரியான நேரத்துல அமுக்குறது ரொம்பக் கஷ்டம், யாரும் பண்ண மாட்டாங்கன்னு அப்படியே விட்டுட்டாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க 'காம்போ'ன்னு சொல்றாங்களே, அது பிறந்த கதை இது தான். பக்-கை ஃபீச்சர்னு சொல்லி கஸ்டமர் தலையில கட்டுற நம்ம தொழில் தர்மம் அப்பவே இருந்திருக்கு ;-)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மெஷினுக்கு எப்படித் தெரியுது?

காயின் மெஷின் ஜாய்ஸ்டிக்கைக் கழட்டிப் பார்த்தா ஏமாந்து போவீங்க. அடியில நாலே நாலு சின்ன சுவிட்ச். மேல், கீழ், இடது, வலது. சரிவான திசைக்குன்னு தனி சுவிட்ச் கிடையாது. கீழும் வலதும் ஒண்ணா அமுங்கினா அது தான் சரிவு. ஆக எட்டுத் திசை, நடுவுல சும்மா இருக்குறது ஒண்ணு, மொத்தம் ஒன்பது நிலை. நாலு பிட்டுல அடங்கிடும். நம்ம கீபோர்டும் இதே தான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடின சி.பி.எஸ்.-1 போர்டுல மோட்டரோலா 68000 சிப், 10 மெகாஹெர்ட்ஸ். இன்னைக்கு உங்க வாஷிங் மெஷின்ல இருக்குற சிப் அதை விடக் கெட்டிக்காரனா இருக்கலாம். அது நொடிக்குக் கிட்டத்தட்ட 60 தடவை அந்த நாலு பிட்டையும் படிக்கும். குச்சி போன பாதை முழுசையும் வட்டமா வரைஞ்சு வெச்சுப் பார்க்காது. அதுக்கு நேரமும் இல்லை, மெமரியும் இல்லை. ஒவ்வொரு ஸ்பெஷல் அடிக்கும் ஒரு சின்னப் படிக்கட்டு. நீங்க இப்ப எத்தனையாவது படியில நிக்கிறீங்கன்னு ஒரு எண், அடுத்த படிக்கு எவ்வளவு நேரத்துக்குள்ள போகணும்னு ஒரு கவுண்டர். 'கீழ' வந்தா முதல் படி. நேரத்துக்குள்ள 'சரிவு' வந்தா ரெண்டு. 'முன்னே' வந்தா மூணு. அதுக்குள்ள குத்து பட்டன் அமுங்கினா உருண்டை கிளம்பும். நேரம் தாண்டிட்டா பரமபதத்துல பாம்பு கடிச்ச மாதிரி மறுபடி அடிவாரம்.

இஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்கும். அஞ்சாவது செமஸ்டர், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், ஃபைனைட் ஆட்டோமேட்டா! வட்டமும் அம்பும் போட்டு உயிரை எடுத்தாங்களே, அதே தான். இது எதுக்குய்யா வாழ்க்கைல உதவும்னு கேட்டுக்கிட்டே மனப்பாடம் பண்ணி எழுதினேன். தால்சிம் வாயில இருந்து வர்ற நெருப்பு அதுல தான் ஓடுதுன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா மார்க்காவது கூட வாங்கியிருப்பேன்.

இதுல நுணுக்கம் நிறைய. தால்சிமுக்கு கால் வட்டம் சுத்தி குத்தினா யோகா ஃபயர், தூரமாப் போற உருண்டை. பின்னால இருந்து அரை வட்டம் சுத்தி குத்தினா யோகா ஃப்ளேம், பக்கத்துல இருக்கிறவனைப் பொசுக்குற ஜ்வாலை. ஆனா அரை வட்டத்தோட பின்பாதி தானே கால் வட்டம்? அப்ப ரெண்டு படிக்கட்டுமே ஒரே நேரத்துல உச்சிக்கு வந்திருக்கும். எதை முதல்ல பார்க்கணும்னு புரோகிராமர் முடிவு பண்ணியாகணும். ரியூவுக்கும் இதே தலைவலி. முன்னால நடந்துக்கிட்டே ஹடோகென் போட்டா பல சமயம் ஷோர்யூகென் வந்து தொலைக்கும். ஏன்னா ஷோர்யூகெனுக்கு 'முன்னே, கீழ, சரிவு'. நீங்க நடந்த நடை முதல் படியாயிடுது. சங்கிஃப்போட சுழல் வீச்சுக்கு குச்சியை முழு வட்டம் சுத்தணும்னு எல்லாரும் மணிக்கட்டை உடைச்சுக்குவாங்க. நாலு திசையையும் தொட்டாச்சான்னு தான் மெஷினுக்குக் கணக்கு.

இன்னொரு கூத்து. 1991-ல வந்த முதல் பதிப்புல, ரியூவுக்கும் கென்னுக்கும் குச்சியே ஆட்டாம வெறும் பட்டனை அமுக்கினாலும் எப்பவாச்சும் அபூர்வமா ஸ்பெஷல் அடி தானா வரும். புதுசா ஆடுறவன் 'என்னடா இது'ன்னு அசந்து போய் இன்னொரு காசு போடட்டும்னு தூண்டில் போட்டாங்களோ என்னமோ. அப்புறம் வந்த பதிப்புகள்ல அதைத் தூக்கிட்டாங்க.

கள்ளப் பதிப்புகளைப் பத்திச் சொல்லாம விட்டா சாமி குத்தம். 1992-ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சாம்பியன் எடிஷனைத் திருட்டுத்தனமா மாத்தி 'ரெயின்போ எடிஷன்'னு விட்டாங்க. ஆகாயத்துல பறந்துக்கிட்டே ஹடோகென் போடலாம், உருண்டை பாம்பு மாதிரி ஆளைத் துரத்தும், நடு ஆட்டத்துல ஆளையே மாத்திக்கலாம். எங்க கடையில அதுவும் இருந்துச்சு. அதோட வேகத்தைப் பார்த்து அமெரிக்க கேப்காம்ல இருந்த ஜேம்ஸ் கோடார்ட் ஜப்பான்காரங்களை நச்சரிச்சு, அதே வருஷக் கடைசியில 'டர்போ: ஹைப்பர் ஃபைட்டிங்' வந்துச்சு. திருடனைப் பார்த்து வீட்டுக்காரன் கத்துக்கிட்ட கதை.

சரி, போன சனிக்கிழமைக்கு வர்றேன்.

மேல சொன்ன படிக்கட்டை நாமளே எழுதிப் பார்த்தா என்னன்னு தோணுச்சு. பைத்தான்ல ரெண்டு சதுரத்தைத் திரையில நிறுத்தினேன். ஆள் ஒண்ணு இடது பக்கம், ஆள் ரெண்டு வலது பக்கம். ஒவ்வொரு படிக்கும் 10 ஃப்ரேம் அவகாசம், அதாவது நொடியில ஆறில் ஒரு பங்கு. 'கீழ, கீழ-வலது, வலது, குத்து'. ஓட்டினேன். முதல் ஆள் அழகா உருண்டை விட்டான். ஆஹா!

ரெண்டாவது ஆளுக்கும் அதே ஃபங்ஷனைப் போட்டேன். அந்தச் சதுரம் இடது பக்கம் பார்த்து நிக்குது. அதை எதிரியை நோக்கி நகர்த்திக்கிட்டே அடிக்கப் பார்க்குறேன், உருண்டை வரலை. எதிரிக்கு முதுகைக் காட்டி வலது பக்கம் ஓட்டினாத் தான் வருது. அட லூசு, 'வலது'ன்னு எழுதக் கூடாது, 'முன்னே'ன்னு எழுதணும். எதிராளி எந்தப் பக்கம் நிக்கிறானோ அது முன்னே. ஒவ்வொரு ஃப்ரேமும் ரெண்டு பேரோட எக்ஸ் எண்ணை ஒப்பிட்டு, தேவைன்னா இடதையும் வலதையும் மாத்திப் போட்டுட்டு அப்புறம் படிக்கட்டுக்கு அனுப்பணும். ஸ்ட்ரீட் ஃபைட்டர்லயும் திசைக் கணக்கு அப்படித் தான்.

ஒரு வரி மாத்தம். மாத்திட்டு எஃப் அஞ்சு அமுக்கப் போன கை அப்படியே நின்னு போச்சு.

அந்த பஸ் டிக்கெட்! என் கோடுல இருந்த பக்கும் அண்ணன் எழுதின பக்கும் ஒண்ணு. அவன் ஒண்ணாம் ஆளு, எப்பவும் இடது ஓரத்துல இருந்து வலது பக்கம் பார்த்து நிப்பான். அவனுக்கு முன்னேன்னா வலது தான். நான் வலது ஓரத்துல நின்னுக்கிட்டு அவனோட வலதைப் பண்ணிக்கிட்டு இருந்தேன். எனக்கு அது பின்னே. தாண்டிக் குதிச்ச அந்த ஒரே ஒரு தடவை மட்டும் நான் இடது பக்கத்துல விழுந்திருக்கேன். அப்ப டிக்கெட் சரியா வேலை செஞ்சிருக்கு.

விடை அன்னைக்கே திரையில வந்துச்சு. நான் பார்த்துட்டு கள்ளாட்டம்னு வீட்ல போய் சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் அண்ணனுக்கு போன் போட்டேன். நம்பர் அம்மா கிட்ட வாங்க வேண்டியிருந்தது. இப்ப ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல இருக்கான். எடுத்தவுடனே "யாருக்கு என்னாச்சு?"ன்னான். ஒண்ணும் இல்லைண்ணேன்னுட்டு, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, ஆடுகேன் ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கால் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன்.

எல்லாத்தையும் சொன்னேன். படிக்கட்டு, முன்னே, வலது, டிக்கெட், பெரியப்பா. ஆட்டோமேட்டா எல்லாம் அவனுக்கு எதுக்கு, இருந்தாலும் சொன்னேன். அது இல்லாம மத்ததைச் சொல்ல எனக்கு வரலை.

கேட்டுட்டு மெதுவாச் சொன்னான்.

"அந்தப் பக்கம் போனா எனக்கும் வராதுடா. ஏன்னு எனக்கும் தெரியாது. அதான் உன்னை சுவத்தோட ஒட்டியே வெச்சு அடிப்பேன். நீ தாண்டிறக் கூடாதுல்ல."

அப்புறம் செகண்ட் ஷிப்டுக்கு நேரமாச்சுன்னான். வைக்கிறதுக்கு முன்னாடி, "அப்ப அந்தப் பக்கம்னா கீழ, சரிவு, இடதா?"ன்னு கேட்டான். ஆமாண்ணேன்னேன். "ம்ம்"னு சொல்லிட்டு வெச்சுட்டான்.

ஆடிப்பூரத்துக்கு லீவு போட்டாச்சு. யூ.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் ரெண்டு ஆர்டர் பண்ணியிருக்கேன். கீபோர்டு வேண்டாம், அது பட்டனை முழுங்கிடும்.